கேட்ட கேள்விக்கெல்லாம் காசு

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். சொந்த சர்வர் இல்லாமல் ஃபயர்பேஸ், சூப்பாபேஸ் போன்ற வாடகை டேட்டாபேஸை நம்பி ஆப் கட்டுவது எப்படி? கூட்டம் வந்தால் படுத்துக்கொள்ளாமல் இருக்க என்ன செய்வது? வரிசையாக வாருங்கள்.

ஃபயர்பேஸ் கம்பெனியா, டேட்டாபேஸா?
*— கல்லூரி மாணவி, திருநெல்வேலி*

கம்பெனியாகத்தான் பிறந்தது. ஜேம்ஸ் டாம்ப்ளினும் ஆண்ட்ரூ லீயும் முதலில் விற்றது, இணையதளங்களில் ஒட்டவைக்கும் சாட் பெட்டி. வாங்கியவர்கள் அதில் அரட்டை அடிக்காமல், ஆன்லைன் விளையாட்டில் யார் எங்கே நிற்கிறார் என்ற தகவலை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இருவரும் சாட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே இருந்த தரவு அனுப்பும் எந்திரத்தை மட்டும் 2011-ல் தனிக் கம்பெனி ஆக்கினார்கள். 2014-ல் கூகுள் வாங்கியது. உங்கள் வாடிக்கையாளர் உங்கள் பொருளைத் தப்பாகப் பயன்படுத்தினால் திட்டாதீர்கள். உங்கள் அடுத்த கம்பெனி அங்கே இருக்கலாம்.

ஃபயர்பேஸின் ரியல்டைம் டேட்டாபேஸ், ஃபயர்ஸ்டோர் இரண்டில் எது?
*— வாசகர், ஓசூர்*

முதலாவதில் முழுத் தரவும் ஒரே ஜேசான் மரம். ஒரு கிளையைக் கேட்டால் அதன் அடியில் உள்ள அத்தனையும் சேர்ந்து இறங்கும். 2017-ல் வந்த ஃபயர்ஸ்டோரில் டாகுமென்டைக் கேட்டால் டாகுமென்ட் மட்டுமே வரும், அதன் கீழே உள்ள கலெக்‌ஷன் வராது. 'யார் ஆன்லைனில்' என்று காட்டும் பச்சைப் புள்ளிக்கு மூத்தவன், மற்றதற்கு இளையவன். இருவரையும் ஒரே ப்ராஜெக்டில் வைக்கலாம். சண்டை போட மாட்டார்கள்.

காலேஜில் படித்தபடி 16 டேபிள் வரைந்து வைத்திருக்கிறேன். ஃபயர்ஸ்டோரில் எப்படி இறக்குவது?
*— இளம் புரோகிராமர், கோவை*

இறக்காதீர்கள் தம்பி. அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு ஸ்க்ரீன்களை வரையுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரீனுக்குக் கீழேயும் ஓர் எண் எழுதுங்கள்: 'இதைக் காட்ட எத்தனை டாகுமென்ட் படிக்க வேண்டும்?' ஃபயர்ஸ்டோரின் வழக்கமான குவெரியில் ஜாயின் கிடையாது. படிக்கும் ஒவ்வொரு டாகுமென்டுக்கும் கட்டணம் உண்டு. அந்த எண்தான் உங்கள் ஆப்பின் வேகம். மாதக் கடைசியில் அதுவே பில்லாக வரும்.

ஸ்க்ரீனுக்கு ஏற்ப எழுதினால் ஒரே தகவல் நாலு இடத்தில் வருகிறதே! எங்கள் பேராசிரியர் பார்த்தால் பெயிலாக்குவார்.
*— அதே தம்பியின் நண்பர், கோவை*

பேராசிரியர் சொன்னது எட்கர் காட் 1970-ல் எழுதிய கட்டுரையின் வழி வந்த பாடம், தங்கமான பாடம். ஜாயின் இருக்கும் வீட்டுக்கு அதுதான் சட்டம். இங்கே கணக்கு வேறு. ஒரு பதிவை ஆயிரம் பேர் படிக்கிறார்கள். எழுதியவர் தன் பெயரை மாற்றுவதோ எப்போதாவது ஒருமுறை. ஆகவே பெயரைப் பதிவுக்குள்ளேயே எழுதிவையுங்கள். மாறினால் பின்னணியில் ஒரு ஃபங்‌ஷன் போய்த் திருத்தட்டும். அடிக்கடி மாறுவதை மட்டும் நகலெடுக்காதீர்கள். வாலட் பேலன்ஸை நாலு இடத்தில் எழுதினால் உங்களிடம் நாலு பேலன்ஸ் இருக்கும், நாலும் வேறு வேறாக.

போன தீபாவளிக்கு விற்ற சேலையின் பில்லைத் திறந்தால் இன்றைய விலையைக் காட்டுகிறது. என்ன கோளாறு?
*— ஜவுளிக்கடைக்கு ஆப் செய்து கொடுத்தவர், ஈரோடு*

ஆர்டருக்குள் சேலையின் ஐடியை மட்டும் வைத்திருக்கிறீர்கள். பில் ஒவ்வொரு முறையும் இன்றைய சரக்குப் பட்டியலைப் போய்க் கேட்கிறது. விற்ற நொடியில் இருந்த பெயர், விலை, வரி, முகவரி எல்லாவற்றையும் ஆர்டருக்குள்ளேயே எழுதி மூடிவிடுங்கள். அந்தப் பேராசிரியரும் இதற்குத் தலையாட்டுவார். நடந்து முடிந்த வியாபாரத்தை ஜவுளிக்கடை முதலாளியே திருத்த முடியாது, உங்கள் டேட்டாபேஸ் யார்?

விலையைத் தசமத்தில் வைக்கலாமா?
*— வாசகி, கரூர்*

ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 வரும். விலையைப் பைசாவில், முழு எண்ணாக வையுங்கள். ஆடிட்டர் நிம்மதியாகத் தூங்குவார்.

டாஷ்போர்டில் 'மொத்த ஆர்டர்கள்' என்று ஒரே ஓர் எண்தான் காட்டுகிறேன். இலவச அளவு மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. கூகுள் ஏமாற்றுகிறதா?
*— சிறுதொழில் செய்பவர், சிவகாசி*

ஏமாற்றுவது உங்கள் குறியீடு. உங்களிடம் 10,000 ஆர்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தனையையும் இறக்கி, நீளத்தை எண்ணி, ஒரே எண்ணாகக் காட்டுகிறீர்கள். ஒருமுறை திறந்தால் 10,000 ரீட். ஒரு நாளின் இலவச அளவு 50,000 ரீட். ஐந்து முறை திறந்தால் கதை முடிந்தது. முதலாளி ஒருமுறை, மேனேஜர் ஒருமுறை, கணக்கப்பிள்ளை மூன்று முறை. மதியம் வரை தாங்கியதே பெரிது.

எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் 2022-ல் வந்த கவுன்ட் வசதி இருக்கிறது. இண்டெக்ஸில் ஆயிரம் பதிவு வரை ஒரு ரீட் என்று கணக்கு. அதே 10,000 ஆர்டருக்குப் பத்தே ரீட். இன்னும் சிக்கனம் வேண்டுமா? ஆர்டர் எழுதும்போதே 'இன்றைய சுருக்கம்' என்ற டாகுமென்டில் எண்ணிக்கையையும் தொகையையும் கூட்டிவிடுங்கள். டாஷ்போர்டு படிப்பது ஒரே டாகுமென்ட். மேனேஜர் நாள் முழுக்க ரிஃப்ரெஷ் பண்ணட்டும்.

ஐம்பதாவது பக்கத்துக்குப் போனால் மட்டும் இழுக்கிறது.
*— வாசகர், தஞ்சாவூர்*

ஆஃப்செட் போட்டிருப்பீர்கள். பக்கத்துக்கு 20 என்றால், ஐம்பதாம் பக்கத்துக்காக முந்தைய 980 டாகுமென்டையும் தாண்டி வருகிறது. தாண்டியதற்கும் காசு. கடைசியாகப் பார்த்த டாகுமென்டைப் பிடித்துக்கொண்டு 'இதற்குப் பிறகு 20' என்று கேளுங்கள். ஐம்பதாம் பக்கமும் முதல் பக்கத்தின் விலைதான்.

குரூப் சாட் செய்கிறேன். குரூப் டாகுமென்டிலேயே மெசேஜ்களை ஒரு பட்டியலாகச் சேர்த்துக்கொண்டே போகிறேன். நன்றாகத்தான் ஓடுகிறது.
*— பொறியியல் மாணவர், யாழ்ப்பாணம்*

நீங்களும் உங்கள் நண்பரும் மட்டும் பேசும்வரை ஓடும். ஒரு டாகுமென்டின் உச்ச அளவு 1 மெபிபைட். அது நிரம்பும் நாளில் குரூப் ஊமையாகிவிடும். அதற்கு முன்பே இன்னொரு வினை வரும். புதிதாக வந்த 'சரி' என்ற ஒரு சொல்லைக் காட்ட, அதுவரை பேசிய மொத்தப் பேச்சும் எல்லோர் கைபேசிக்கும் மறுபடி இறங்கும்.

மெசேஜ் ஒவ்வொன்றும் தனி டாகுமென்ட், குரூப்புக்குக் கீழே ஒரு துணைக் கலெக்‌ஷன். திரையில் கடைசி முப்பதை மட்டும் கேளுங்கள். குரூப் பட்டியலில் காட்ட வேண்டிய 'கடைசி மெசேஜ்' வரியை மட்டும் குரூப் டாகுமென்டில் வையுங்கள். அதிலும் ஒரு கண் இருக்கட்டும். ஒரே டாகுமென்டில் நொடிக்கு ஒருமுறைக்கு மேல் விடாமல் எழுதாதீர்கள் என்பதுதான் அறிவுரை. இந்தியா ஜெயிக்கிற நிமிடத்தில் ஐந்நூறு பேர் கத்தும் குரூப் என்றால், அந்த வரியைச் சில நொடிக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

நேரலையில் ஓட்டுப் போடும் ஆப். ஓட்டு எண்ணிக்கை ஒரே டாகுமென்டில்தானே இருக்கும்? நொடிக்கு ஒரு ஓட்டு என்றால் நிகழ்ச்சி பொங்கல் வரை போகுமே!
*— நிகழ்ச்சித் தயாரிப்பாளர், சென்னை*

பஸ் ஸ்டாண்டில் ஒரே கவுன்ட்டரில் கூட்டம் முட்டினால் என்ன செய்கிறார்கள்? பத்து கவுன்ட்டர் திறக்கிறார்கள். இரவு பத்தின் வசூலையும் கூட்டிக்கொள்கிறார்கள். எண்ணியைப் பத்துத் துண்டாக்குங்கள். ஓட்டு ஏதாவது ஒரு துண்டில் விழட்டும். நொடிக்குச் சுமார் பத்து ஓட்டுத் தாங்கும். மொத்தம் வேண்டும்போது பத்து ரீட். நூறு தாங்க வேண்டுமானால் நூறு துண்டு. அந்த மொத்தத்தைப் பார்வையாளர் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கூட்டக் கூடாது. ஓர் ஃபங்‌ஷன் அவ்வப்போது கூட்டி ஒரு டாகுமென்டில் எழுதட்டும். ஸ்பான்சர் பணம் உங்கள் பையிலேயே நிற்கும்.

ஆர்டர் எண்ணையே டாகுமென்ட் ஐடியாக வைத்தேன்: 1001, 1002, 1003... சீனியர் முறைக்கிறார்.
*— பயிற்சி பெறுபவர், பெங்களூரு*

முறைக்கட்டும், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஃபயர்ஸ்டோர் தரவை ஐடி வரிசைப்படி பல எந்திரங்களுக்குப் பிரித்துவைக்கிறது. அடுத்தடுத்த எண்கள் எல்லாம் ஒரே மூலையில் போய்க் குவியும். அந்த மூலை வேகும், மற்றதெல்லாம் சும்மா இருக்கும். அதுவே தரும் 20 எழுத்துக் குலுக்கல் ஐடியை வாங்கிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்குக் காட்டும் ஆர்டர் எண்ணைத் தனி ஃபீல்டாக வையுங்கள்.

கூடவே ஒன்று. நேரம் போல ஏறிக்கொண்டே போகும் ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் இருந்தால், அந்தக் கலெக்‌ஷனில் நொடிக்கு 500 முறை எழுதுவதுதான் வரம்பு. நொடிக்கு 500 ஆர்டர் வரும் கடை உங்களுடையது என்றால், சீனியரை நீங்கள் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசி ஒரு பட்டாசுப் பெட்டி இரண்டு பேருக்கு விற்றுப்போனது!
*— வாசகர், விருதுநகர்*

'இருப்பு எவ்வளவு?' என்று படித்துவிட்டு, கழித்துத் தனியாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் 1 என்று படித்தார்கள். டிரான்ஸாக்‌ஷனுக்குள் போடுங்கள். இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் அது மறுபடி முதலிலிருந்து படிக்கும். டிரான்ஸாக்‌ஷன் நெட் இல்லாமல் ஓடாது என்பதையும் ஞாபகம் வையுங்கள். இப்போதைக்கு இரண்டாமவருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேளுங்கள், அதற்கு ஏபிஐ கிடையாது.

டெஸ்ட் மோடில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 30 நாளில் அதுவாகவே மூடிக்கொள்ளுமாமே, பிறகென்ன பயம்?
*— ஸ்டார்ட்அப் நடத்துபவர், சென்னை*

30 நாளும் வாசல் திறந்திருக்கிறது என்பதுதான் பயம். முப்பத்தோராம் நாள் ஆப் நிற்கும். அவசரத்தில் அந்தத் தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். இதைத்தான் நான் ஊரெல்லாம் பார்க்கிறேன்.

2025 ஜூலையில் அமெரிக்காவில் 'டீ' என்ற ஆப். பெண்கள் தங்கள் பாதுகாப்புக்காகச் சேர்ந்த இடம். அதன் பழைய ஸ்டோரேஜிலிருந்து சுமார் 72,000 படங்கள் வெளியே போயின. அவற்றில் சுமார் 13,000, 'நான் பெண்தான்' என்று நிரூபிப்பதற்காக அவர்கள் கொடுத்த செல்ஃபியும் அடையாள அட்டையும். வந்த செய்திகளின்படி, அது பூட்டப்படாமல் கிடந்த ஃபயர்பேஸ் ஸ்டோரேஜ். நம்பி முகத்தைக் கொடுத்தவர்களுக்குச் செய்யக்கூடாத துரோகம். முதல் டாகுமென்ட் எழுதுவதற்கு முன் ரூல்ஸ் எழுதுங்கள். யாருக்கு அனுமதி என்று தெரியாத இடத்தில் 'யாருக்கும் இல்லை' என்று எழுதுங்கள்.

பிரவுசரில் சோர்ஸைத் திறந்தால் என் ஃபயர்பேஸ் ஏபிஐ கீ பளிச்சென்று தெரிகிறது. வேர்த்துவிட்டது.
*— வலைத்தள வடிவமைப்பாளர், மதுரை*

துடைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் ப்ராஜெக்டின் பெயர்ப்பலகை, தெரியத்தான் செய்யும். பூட்டு என்பது ரூல்ஸ். சர்வீஸ் அக்கவுன்ட் ஃபைலோ, சூப்பாபேஸின் சர்வீஸ் ரோல் கீயோ அதே சோர்ஸில் தெரிந்தால் அப்போது வேர்க்கலாம். அவை ரூல்ஸையே கேட்காமல் உள்ளே போகும். உடனே மாற்றுங்கள்.

'அவரவர் ஆர்டரை அவரவர் மட்டும் பார்க்கலாம்' என்று ரூல்ஸ் எழுதினேன். இப்போது யாருக்குமே வரவில்லை!
*— வாசகர், சேலம்*

குவெரியில் எல்லா ஆர்டரையும் கேட்டிருப்பீர்கள். ரூல்ஸ் வடிகட்டித் தராது. கேட்டதில் ஒன்று அனுமதிக்கு வெளியே போகலாம் என்றாலே மொத்தத்தையும் மறுத்துவிடும். குவெரியிலேயே 'என் ஐடி உள்ளவை' என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தால் கிடைக்கும்.

பயனர் டாகுமென்டிலேயே 'அட்மின்: ஆம்' என்று ஒரு ஃபீல்டு. எளிமையாக இல்லை?
*— வாசகர், சிங்கப்பூர்*

பயனர் தன் டாகுமென்டைத் தானே திருத்தலாமா? ஆம் என்றால் உங்கள் ஊரில் எல்லோரும் அட்மின். பதவியை லாகின் டோக்கனுக்குள், கஸ்டம் கிளெய்மாக, சர்வர் பக்கத்திலிருந்து மட்டும் எழுதுங்கள். ரூல்ஸில் அதைப் பார்க்கத் தனி ரீட் செலவும் இல்லை. ஆனால் ஒன்று, டோக்கனுக்கு ஆயுள் ஒரு மணி நேரம். பதவி பறித்த பிறகும் அதுவரை அவர் நாற்காலியில் இருப்பார்.

நாற்பது பள்ளிகளுக்கு ஒரே ஆப். நாற்பது ப்ராஜெக்டா, ஒன்றா?
*— வாசகி, திருச்சி*

ஒன்று. பள்ளி ஒரு டாகுமென்ட், அதன் கீழே மாணவர், வருகை, கட்டணம். டோக்கனில் பள்ளி ஐடி இருக்கட்டும். பாதையில் உள்ள பள்ளியும் டோக்கனில் உள்ள பள்ளியும் ஒன்றா என்று ரூல்ஸ் ஒரே வரியில் பார்க்கும். எல்லாப் பள்ளியையும் சேர்த்துத் தேட வேண்டிய நாளில் கலெக்‌ஷன் குரூப் குவெரி இருக்கிறது. நாற்பது ப்ராஜெக்ட் வைத்தால் ஒரு சின்னத் திருத்தத்தை நாற்பது முறை ஏற்ற வேண்டும். முப்பத்தேழாவதில் தப்பு வரும்.

ஒரு ஃபங்‌ஷன் எழுதினேன். டாகுமென்ட் மாறினால் 'கடைசியாக மாறிய நேரம்' எழுத வேண்டும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினேன்...
*— வாசகர், நாகர்கோவில்*

அது தூங்கவில்லை. நேரத்தை எழுதினால் டாகுமென்ட் மாறுகிறது. மாறினால் ஃபங்‌ஷன் ஓடுகிறது. ஓடினால் எழுதுகிறது. முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்து, நேரம் மட்டுமே மாறியிருந்தால் பேசாமல் வெளியேறும்படி எழுதுங்கள். இன்னொன்றும் உண்டு. ஒரே நிகழ்வுக்கு ஃபங்‌ஷன் இரண்டு முறையும் ஓடலாம். 'பணம் வந்தது' எஸ்எம்எஸ் இரட்டையாகப் போகக் கூடாதென்றால், நிகழ்வின் ஐடியை ஒரு டாகுமென்டாகக் குறித்துவைத்து, ஏற்கெனவே இருந்தால் திரும்பிவிடுங்கள்.

பட்ஜெட் 2,000 ரூபாய் என்று போட்டுவிட்டேன். அதற்கு மேல் பில் ஏறாதல்லவா?
*— அதே நாகர்கோவில் வாசகர்*

ஏறும். பட்ஜெட் அலர்ட் மெயில் அனுப்பும், கரண்டை நிறுத்தாது. நிறுத்த வேண்டுமானால், அந்த அலர்ட் வந்ததும் பில்லிங்கைத் துண்டிக்கும் ஃபங்‌ஷனை நீங்களே எழுத வேண்டும். செலவுக் கணக்கு தாமதமாகத்தான் வந்துசேரும் என்பதால் அதற்குள்ளும் கொஞ்சம் ஏறியிருக்கும். இந்த ஃபங்‌ஷனை எழுதிய பிறகு தூங்குங்கள்.

டேட்டாபேஸ் அமெரிக்காவில் இருக்கிறது. பயனர்கள் எல்லோரும் தமிழ்நாடு. மும்பைக்கு மாற்றுவது எப்படி?
*— வாசகர், வேலூர்*

மாற்ற முடியாது. உருவாக்கும்போது தேர்ந்தெடுத்த இடம்தான் அந்த டேட்டாபேஸின் ஆயுள் முழுக்க. மும்பையில் புதிதாக ஒன்று திறந்து, ஏற்றுமதி செய்து, இறக்குமதி செய்யுங்கள். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அமுக்கும் விரலுக்கு இந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஓய்வு கொடுத்திருக்கலாம்.

பயனரை டெலீட் செய்தேன். அவர் படங்களின் பட்டியல் இன்னும் இருக்கிறது. ஆவியா?
*— வாசகி, புதுச்சேரி*

டாகுமென்டை அழித்தால் அதன் துணைக் கலெக்‌ஷன் அழியாது. தனியாகத் தேடிப்போய் அழிக்க வேண்டும். 'என் கணக்கை நீக்கு' என்று ஒருவர் கேட்டால் முழுசாக நீக்குங்கள். அது அவர் உரிமை.

சூப்பாபேஸுக்கு மாறலாமா? எல்லோரும் சொல்கிறார்கள்.
*— வாசகர், டொராண்டோ*

எல்லோரும் சொல்வதற்காக மாறாதீர்கள். ரிப்போர்ட், கணக்கு, பத்துக் கோணத்தில் தேடல் என்று உங்கள் வேலை இருந்தால் மாறுங்கள். அடியில் இருப்பது போஸ்ட்கிரஸ். 1986-ல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிவைத்தது. ஜாயின் உண்டு, கோவைத் தம்பியின் 16 டேபிளுக்கும் அங்கே மரியாதை உண்டு.

இரண்டு விஷயம் மட்டும். டேபிளில் ரோ லெவல் செக்யூரிட்டியைப் போடுங்கள். பொது ஸ்கீமாவில் அது இல்லாத டேபிள், வெளியே தெரியும் கீயை வைத்திருப்பவர் கையில் போய்விடும். அடுத்தது, போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு தனி ப்ராஸஸ் திறக்கும். வழக்கமான வரம்பு 100. சர்வர்லெஸ் ஃபங்‌ஷன்கள் ஆளுக்கொரு கனெக்‌ஷன் பிடித்தால் நூற்றியோராவது ஆள் வாசலில். கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து தரும் பூலர் வழியாகப் போங்கள்.

நாளை மறுநாள் லாஞ்ச். பெரிய விளம்பரம் வருகிறது. ஃபயர்ஸ்டோர் தாங்குமா?
*— விளம்பரத் துறை வாசகர், சென்னை*

பழக்கினால் தாங்கும். புதுக் கலெக்‌ஷனில் நொடிக்கு 500-ல் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐம்பது சதவீதம் கூட்டுங்கள் என்பது கூகுளின் சொந்த அறிவுரை. அந்தக் கணக்கில் ஒன்றரை மணி நேரத்தில் நொடிக்கு 7,40,000 ரீட் வரை போகலாம். விளம்பரத்தை எல்லா ஊரிலும் ஒரே நொடியில் விடாமல் ஊர் ஊராக விடுங்கள். உங்கள் கட்டண அறிக்கையும் பதறாது.

இந்தக் கம்பெனிகள் நாளைக்கே கடையை மூடினால்?
*— ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கும்பகோணம்*

மூடியிருக்கிறார்கள் ஐயா. பார்ஸ் என்று ஒன்று இருந்தது. 2013-ல் ஃபேஸ்புக் வாங்கியது. 2016 ஜனவரியில் 'மூடுகிறோம்' என்றார்கள், 2017 ஜனவரியில் மூடினார்கள். ஒரு வருட அவகாசமும், சொந்தமாக ஓட்டிக்கொள்ளப் பார்ஸ் சர்வரின் மூலக் குறியீடும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆகவே டேட்டாபேஸோடு பேசும் வரிகளை ஆப் முழுக்கத் தெளிக்காமல் ஒரே ஃபோல்டருக்குள் வையுங்கள். மாறவேண்டி வந்தால் அந்த ஃபோல்டரைத் திரும்ப எழுதுவீர்கள், ஆப்பை அல்ல. ஏற்றுமதி நகலையும் அடிக்கடி எடுங்கள். வங்கியில் இருந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

அண்ணே, டெஸ்டிங் எங்கே செய்வது? இப்போதைக்கு லைவ் டேட்டாபேஸிலேயே செய்கிறேன்.
*— தம்பி, திண்டுக்கல்*

ஃபயர்பேஸ் எமுலேட்டர் உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும். டேட்டாபேஸ், லாகின், ரூல்ஸ், ஃபங்‌ஷன் எல்லாம் அதில் உண்டு, ரீடுக்குக் காசும் கிடையாது. இன்றைக்கே இன்ஸ்டால் செய்யுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் 'ஹாய் டெஸ்ட் 123' என்ற நோட்டிஃபிகேஷனுக்குப் பதில் போட்டுக் களைத்துவிட்டார்கள்.